மண்டோருக்குப் பிரதி இல்லை

நல்ல அறிக்கை எழுதுகிறவன் என்று முப்பது வருடம் பெயர் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டுப் பேசியவர்கள்கூட அதைத்தான் சொன்னார்கள். இவர் எழுதினால் வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும் என்றார் ஒருவர். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. இந்தப் பெயர் முதன்முதலில் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மாலையைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம். எனக்கு இருபத்து மூன்று வயது. மலாக்காவில், கஜா பேராங்கில், ஒரு பெரிய கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேட்டுப் பக்கத்துத் தெருக்களில் விழுகிற மழைத் தண்ணீரையெல்லாம் வாங்கி, தாழ்வான வீடுகளுக்குள் புகாமல், தெங்கேரா பக்கம் கடலுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். வேலையை எடுத்திருந்தவர் ஒரு சீனத் தவுக்கே. அரசாங்கத்தின் சார்பில் பார்த்துக்கொண்டவர் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர், எல்லாருக்கும் துரை. நான் தவுக்கேயிடம் சம்பளம் வாங்கிய கிராணி, அதாவது கணக்கெழுதுகிற குமாஸ்தா. மேட்டுப் பக்கம் சடக்கோரத்தில், ரோட்டை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் ஒரு மேசையும் ஒரு பழைய தட்டச்சு இயந்திரமும் கொடுத்திருந்தார்கள்.

எனக்கு அப்போதெல்லாம் இருப்பே கொள்ளாது. நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். என்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, அந்த வருடம் ஊரே அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு இன்னார் மகனுக்கு இலாகாவில் நாற்காலி கிடைத்தது, நாளைக்கு இன்னாருக்குக் கிடைக்கப் போகிறது என்று கோப்பிக் கடையில் அதே பேச்சு. என்னோடு படித்தவன், கணக்கில் என்னைப் பார்த்து எழுதியவன், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். நான் தகரத்துக்கு அடியில் வெந்துகொண்டிருந்தேன். எரிச்சலாக வரும்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வாராந்திர முன்னேற்ற அறிக்கை போக வேண்டும். மூன்று பிரதிகள். ஆங்கிலத்தில் ஒன்று துரைக்கு, கார்பன் தாள் வைத்து அடித்த அதன் நகல் தவுக்கேக்கு, மலாயில் ஒன்று குடியிருப்போர் கமிட்டிக்கு. மலாய் எதற்கென்றால், தாழ்வுப் பக்கம் இருந்தது மலாக்காச் செட்டிகளின் கிராமமான செட்டி கம்பம். அவர்கள் கும்பிடுகிற சாமி நம் சாமி, வைக்கிற பெயரும் நம் பெயர்தான், பேச்சு மட்டும் மலாய். மழை வந்தால் முதலில் நனைவது அவர்கள் வீட்டு அடுப்புதான் என்பதால், கமிட்டிக்கு ஒரு பிரதி கட்டாயம் போக வேண்டும் என்று துரை உத்தரவு போட்டிருந்தார்.

வேலை நடந்த இடத்தில் எல்லாம் ஆட்களை நடத்துகிற மண்டோர்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் தோட்டத்திலிருந்து தன்னோடு முப்பத்திரண்டு ஆட்களை அழைத்து வந்தவர். புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் தவுக்கே கட்டிவைத்திருந்த பலகை வீட்டு வரிசையில் அவருக்கும் ஒரு வீடு. மனைவி, ஐந்து பிள்ளைகள். மண்டோர் வேலை இருக்கும் வரைக்கும்தான் வீடு. வேலை போனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தினமும் மாலை ஐந்து மணிக்குக் கொட்டகை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வாங்க என்றால் வரமாட்டார், காலில் சேறு என்பார்.

"முப்பத்திரண்டு பேருங்க கிராணி. ஒரு ஆளு குறையல."

அவ்வளவுதான் அவருடைய அறிக்கை. நான் குறித்துக்கொள்வேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் ஆள் ஒரு நாள் செய்கிற வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் போடுவார்கள். பேர் குறையாமல் விழுந்தால் தோட்டம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம், தோட்டத்துத் துரை சந்தோஷப்படுவார், பெரிய கிராணி வீட்டில் கோழி அடிப்பார்கள். என் அப்பாவும் தோட்டத்துக் கிராணிதான். நான் எழுத்துப் படித்ததே அந்தப் பேர்ப் புத்தகத்தைப் பார்த்துத்தான். அதனால் மண்டோர் பேரைச் சொன்னதும், நான் அதை எழுதிக்கொண்டதும் எங்கள் இருவருக்கும் சுவாசம் போல இயல்பாக இருந்தது.

ஆனால் எஞ்சினியர் துரைக்குப் பேர் போதாது. கால்வாய் எத்தனை அடி வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆரம்பத்தில், மேட்டுப் பக்கம் கெட்டி மண்ணில், ஓர் ஆள் ஒரு நாளில் எத்தனை அடி வெட்டினான் என்று ஒரே ஒரு வாரம் நேரில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு பேரை அந்த அடியால் பெருக்கிக்கொண்டேன். முப்பத்திரண்டு பேர், ஆறு நாள், இத்தனை அடி. பெருக்கினால் கால்வாய் தானாக நீண்டது. தோட்டத்தில் அப்படித்தான் செய்வோம், ஒரு பேருக்கு இத்தனை மரம் என்று. மரம் நட்ட இடத்திலேயே நிற்கும். மண் சரியும் என்று எங்கள் அப்பாவின் புத்தகத்தில் இல்லை.

நேரில் போய்ப் பார்க்க என்ன கேடு என்று கேட்பீர்கள். தாழ்வுப் பக்கம் சைக்கிளில் பத்து நிமிடம். என்னிடம் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து இருந்தது. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணியெடுத்துத் தைத்த வெள்ளைக் கால்சட்டை இரண்டு இருந்தன. துரை எந்த நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினாலும் இலாகாவுக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சேற்றில் இறங்குகிறவனுக்கு நாற்காலி கிடைக்காது என்பது என் கணக்கு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அறிக்கையை மட்டும் இழைத்து இழைத்து எழுதுவேன். 'இவ்வாரமும் வேலை திருப்திகரமாக முன்னேறியுள்ளது' என்று தொடங்கும். ஆள் குறைவில்லை, சாமான் குறைவில்லை, இத்தனை அடி கூடியிருக்கிறது, அடுத்த வாரம் இத்தனை அடி கூடும். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. துரை ஓரத்தில் பென்சிலால் 'நன்று' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். ஒருமுறை கொட்டகைக்கே வந்து, மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் இலாகாவுக்கு உன்னைப் போல எழுதத் தெரிந்த ஆட்கள் வேண்டியிருக்கும் என்றார். அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை காலை, கமிட்டித் தலைவர் என் கொட்டகைக்கு வந்தார். செட்டி கம்பத்துப் பெரியவர். வெள்ளைச் சட்டை, சாரோங், தலையில் உருமால். கையில் என் மலாய் அறிக்கையை நாலாய் மடித்து வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகப் பிரித்து, மேசையில் வைத்துத் தடவி நீட்டினார்.

"கிராணி, இந்தக் காகிதத்தில் போட்டிருக்கிறபடி பார்த்தால் கால்வாய் என் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டது," என்றார் மலாயில். "நேற்று வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என் மனைவியும் தேடினாள். எங்கள் கண்ணுக்கு அகப்படவில்லை. நீங்கள் வந்து காட்டினால் உபகாரமாக இருக்கும்."

முகத்தில் சிரிப்பே இல்லை. அப்படியொரு நக்கல். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் பறந்தேன்.

கம்பத்துக்குள் நுழைவதற்கு ரொம்பத் தூரம் முன்னாலேயே கால்வாய் நின்றிருந்தது. நின்றிருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. கறுப்புச் சேறும் தண்ணீருமாக ஒரு நீளக் குழி. இரண்டு பக்கமும் கரை இடிந்து உள்ளே கிடந்தது. முப்பத்திரண்டு பேரும் இருந்தார்கள், ஓர் ஆள் குறையவில்லை. வாளி வாளியாகச் சேற்றை அள்ளி மேலே கொட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டோர் முழங்காலுக்கு மேல் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மண்டோர் இது?"

"பகல்ல வெட்டுறோம். காலைல வந்து பாத்தா மூடிக் கெடக்கு. ஆறு வாரமா இதே எடந்தாங்க."

"ஆறு வாரமா! என்கிட்ட ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

அத்தனை ஆட்களுக்கு முன்னால், என்னைவிட இரண்டு மடங்கு வயதான மனிதரை அப்படிக் கேட்டேன். ஆட்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மண்டோர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குற்றவாளி வாயடைத்துப் போய்விட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொட்டகைக்குத் திரும்பினால், துரையிடமிருந்து சீட்டு வந்திருக்கிறது. திங்கட்கிழமை நேரில் வருகிறாராம். மாதக் கடைசியில் மெர்டேக்கா. அதற்குப் பிறகு சில நாட்களில் அவர் கப்பல் ஏறுகிறார். போவதற்கு முன் கால்வாயைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சனிக்கிழமை அறிக்கையில் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும், மறைக்க வழியில்லை. ஆறு வாரமாக எழுதியது அத்தனையும் புளுகு என்று எழுதினால் என் நாற்காலி போச்சு. புளுகு யாருடையது என்பதுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை முழுக்க ஒரே ஒரு வாக்கியத்துக்காக எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், தாளைக் கிழித்தேன், மறுபடி நடந்தேன். கடைசியில் வந்தது:

'தாழ்வான பகுதியில் மண் சரிவதால் வேலை தடைப்பட்டுள்ளது. மண்டோர் தினந்தோறும் அளித்த தகவல் தவறாக இருந்தபடியால், உண்மை நிலை இதுவரை அலுவலகத்துக்குத் தெரியாமற் போயிற்று.'

அடித்து முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. 'நான்' என்ற சொல் எங்கேயும் இல்லை. அலுவலகம் என்று ஒன்று இருந்ததாம், அதற்குத் தெரியாமல் போயிற்றாம். அந்த அலுவலகத்தில் நானும் ஒரு தட்டச்சு இயந்திரமும்தான் இருந்தோம். பூசி மெழுகுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பிரதிகளை உறையில் போடும்போது புக்கிட் காதில் வீடு ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் உறையை நாக்கால் தடவி ஒட்டினேன்.

திங்கட்கிழமை துரை பூட்ஸோடு சேற்றில் இறங்கி நடந்தார். பிறகு காருக்குப் பக்கத்தில் தவுக்கேயோடு நின்று பேசினார். தவுக்கே கையில் என் அறிக்கை இருந்தது. மறுநாள் காலை தவுக்கே மண்டோரைக் கூப்பிட்டு, மாதக் கடைசியோடு சரி, வீட்டைக் காலி செய்துவிடு என்றார். வேறு மண்டோரையும் அன்றைக்கே பேசிவிட்டார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் மண்டோர் கொட்டகைக்கு வந்தார். சத்தம் போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் காலைக் கழுவிக்கொண்டு, முதல் தடவையாக உள்ளே வந்தார்.

"அந்த ரிப்போர்ட்ட எனக்கு ஒரு தடவ தமிழ்ல படிச்சுக் காட்டுங்க கிராணி. என்ன பத்தி எழுதியிருக்குன்னு தவுக்கே சொன்னாரு."

மேசை அறையில் வைத்திருந்த வரைவை எடுத்தேன். படித்தேன். தாழ்வுப் பக்கம் மண் சரிகிறது, அதனால் வேலை தாமதம், தகவல் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தேன்.

அவர் கையை நீட்டி மேசை மேலிருந்த தாளைத் தொட்டார்.

"நீங்க படிச்சது ரெண்டு வார்த்த. இங்க முழுத் தாளு இருக்கே."

எழுத்துத் தெரியாத மனிதர். எனக்குக் காது சூடாகிவிட்டது. மறுபடி பிரித்து, ஒவ்வொரு வரியாக, அப்படியே தமிழில் சொன்னேன். மண்டோர் தினந்தோறும் அளித்த தகவல் தவறாக இருந்தபடியால் என்ற இடத்துக்கு வந்ததும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவ சொல்லுங்க என்றார். இன்னொரு தடவை சொன்னேன்.

அவர் சடக்குப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"நான் சொன்னேனே, கிராணி. மொத வாரமே சொன்னேன். செவ்வாக்கெழம சாயங்காலம். நீங்க சைக்கிள எடுத்துக்கிட்டு படம் பாக்கக் கெளம்பிட்டீங்க. இந்தப் பக்கம் மண்ணு நிக்கல கிராணி, பலகை வச்சு முட்டுக் குடுத்தாத்தான் ஆகும், பலகைக்கு எழுதிப் போடுங்கன்னு சொன்னேன். நீங்க சரி சரி, பேரு எத்தனைன்னு கேட்டீங்க. முப்பத்திரண்டுன்னு சொன்னேன்."

சொன்னார். சத்தியமாகச் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு கால் பெடலில் இருந்தது, தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவியிருந்தேன், படம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. அவர் ஏதோ மண், பலகை என்றது என் காதில் விழுந்தது. எனக்கு வேண்டியது எண்ணிக்கை. அதை வாங்கிக்கொண்டு மிதித்துவிட்டேன். மறந்துபோனேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. அது எழுதுகிற விஷயமாகவே எனக்குப் படவில்லை.

"அன்னைக்கி சேத்துல நிக்கும்போது, ஏன் சொல்லலன்னு கேட்டீங்களே," என்றார். "அத்தன பேரு முன்னாடி ஒங்கள நான் எப்படிக் கிராணி எதுத்துப் பேசுறது? அதான் பேசாம இருந்துட்டேன்."

இதைக் கோபமில்லாமல் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். இதற்கு வாக்கியம் இழைக்கவில்லை. மண்டோர் முதல் வாரமே சொன்னார், பலகை கேட்டார், நான் எழுதவில்லை, அடிக்கணக்கு நானே பெருக்கிப் போட்டது. அவ்வளவுதான். மறுநாள் காலை இலாகாவுக்குப் போய்த் துரை மேசையில் வைத்தேன். அறையெங்கும் பெட்டிகள், வைக்கோல், பாதி கட்டிய சாமான்கள். நின்றபடியே படித்தார்.

"பலகை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேனே," என்றார். "கிடங்கு நிறையப் பலகை கிடக்கிறது."

கடிதத்தை மறுபடி மேலிருந்து பார்த்தார்.

"இதை இப்போது நான் என்ன செய்யட்டும்? அறிக்கை மேலே போய்விட்டது. எனக்கு அடுத்து வருகிறவருக்கு ஒரு சண்டையை விட்டுப் போக நான் விரும்பவில்லை." கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோப்பில் வைக்கவில்லை.

அங்கிருந்து தவுக்கேயிடம் ஓடினேன். அவர் ஒரு கையால் விசிறிக்கொண்டு கேட்டார். அவருக்கு என்மேல் கோபம்கூட வரவில்லை.

"நீ எழுதினதைப் படிச்சுத்தான் ஆளை மாத்தினேன். இப்ப நீயே திருப்பி எழுதிட்டு வர்றே. நாளைக்கு நான் எதைப் படிச்சு எதை நம்புறது?"

நியாயமான கேள்வி.

இதற்கு நடுவில் அடுத்த வாரம் கிடங்கிலிருந்து பலகை வந்தது. புது மண்டோர் முட்டுக் கொடுத்தார். மண் நின்றது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா, ஒரு லோரிப் பலகைதானா என்று தகரக் கொட்டகைக்குள் தனியாகக் கத்தினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துரை போவதற்கு முன் எனக்காக ஒரு சிபாரிசு எழுதி வைத்துவிட்டார். இவன் தெளிவாக அறிக்கை எழுதுகிறவன் என்று. இலாகா நாற்காலி கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று சொல்கிற முதுகெலும்பு எனக்கு இல்லை. அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தாள். நான் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் போய்த் துப்பினேன்.

மண்டோருக்குச் செகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை சொல்லியிருந்தார்கள். அங்கே பெரிய கிராணிக்கு, முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஒரு கடுதாசி வேண்டுமாம். தவுக்கே கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் மண்டோர் என்னிடம் வந்து கேட்டார்.

"தமிழ்லயே எழுதுங்க. அந்தப் பெரிய கிராணியும் தமிழ் ஆளுதான்."

என்னால் இதுவாவது முடிந்ததே என்று விழுந்து விழுந்து எழுதினேன். இரண்டு பக்கம். எனக்குத் தெரிந்த நல்ல சொல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

மாதக் கடைசி நாள், அதாவது மெர்டேக்கா அன்று காலை, அதை எடுத்துக்கொண்டு புக்கிட் காதிலுக்குப் போனேன். வழியெல்லாம் கூட்டம், கொடி, பிள்ளைகளின் கூச்சல். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்று பார்க்க முடியவில்லை, மிதித்துக்கொண்டே இருந்தேன். ஊர்வலத்துக்கு எல்லா லோரியும் போய்விட்டதால் மண்டோருக்கு ஒரு பழைய லோரிதான் கிடைத்திருந்தது. அதன் மூக்கிலும் யாரோ கொடி கட்டிவிட்டிருந்தார்கள். சட்டி பானை, பாய், தகரப் பெட்டி எல்லாம் வாசலில் இருந்தன. பிள்ளைகள் லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

கடிதத்தை நீட்டினேன். மண்டோர் அதை வாங்கித் தன் மனைவியிடம் கொடுத்தார்.

"படி."

நான் படித்துக் காட்டட்டுமா என்று வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த அம்மாள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்தவர். கையைத் துடைத்துக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். என் அலங்காரத் தமிழ் அவர் வாயில் கல்லாக உருண்டது. பாதியில் ஓர் இடம் வந்தது: 'இவரது திறமையான மேற்பார்வையில் கால்வாய் வேலை செவ்வனே நிறைவேறியது.'

"நெறைவேறியதுன்னா?" என்று கேட்டார் மண்டோர்.

"முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்," என்றார் மனைவி.

"முடியலயே."

அவர் என்னைப் பார்த்தார். "இத எடுத்துருங்க கிராணி. நாளைக்கி அந்தத் தோட்டத்து ஆளு யாராச்சும் மலாக்கா வந்து பாத்தா, நான் பொய் சொன்னவனாயிருவேன். ஒரு தடவ ஆனது போதும்."

வேறு தாள் இருந்தது. தகரப் பெட்டி மேல் வைத்து, குனிந்து நின்று எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஒன்றரை வருடம் மண்டோராக வேலை செய்தார். ஆள் குறையவில்லை. தாழ்வுப் பக்கம் மண் நிற்கவில்லை. பலகை வேண்டும் என்று கிராணியிடம் சொன்னார். கால்வாய் முடியவில்லை.

"போதும்," என்றார்.

"சொன்னதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பாங்களே," என்றார் அவர் மனைவி. என்னிடம் கேட்கவில்லை, புருஷனிடம்தான் கேட்டார். லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.

நான் பேனாவை மறுபடி வைத்து, இரண்டு வரிக்கு நடுவில் இருந்த இடைவெளியில் நுணுக்கி எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் வாங்கி முதலிலிருந்து படித்தார். ஒன்றரை வருடம் என்பதில் தடுக்கினார். தாழ்வுப் பக்கம் என்பதில் தடுக்கினார். நடுவில் எழுதிய அந்த இடம் வந்ததும் தடுக்கவே இல்லை.

"கிராணி எழுதவில்லை."

மண்டோர் தலையாட்டினார். தாளை வாங்கி என்னிடம் நீட்டி, "கீழ கையெழுத்துப் போட்டுருங்க கிராணி, வண்டி நிக்கிது," என்றார்.